கணக்கு நோட்டு இருக்கா?

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறேன். பள்ளி முடித்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதுதான் 14 வருடமாக என் தொழில். பிசினஸ் படிக்க ஆசை என்று வருகிறவர்களே என்னிடம் அதிகம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம்.

முதல் நாள் அம்மாவோ அப்பாவோ கனமான ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வருவார்கள். சான்றிதழ், மெடல் போட்டோ, ஏதோ ஒரு சம்மர் கேம்ப்பில் கொடுத்த தாள் என எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கும். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். எதையாவது வித்திருக்கியா? என்ன விலை வெச்ச? யாரு வேண்டாம்னு சொன்னாங்க? முதல் இரண்டுக்கும் யோசித்து ஏதாவது சொல்லிவிடுவார்கள். மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே வியாபாரத்தில் நாட்டம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும். அடுத்து கேட்பேன்: கணக்கு நோட்டு இருக்கா?

இங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்குக் 'காமன் ஆப்' என்ற ஒரே விண்ணப்பம் போதும். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். மதிப்பெண், பாடங்கள், ஆசிரியர் கடிதம் இவை போக, பிள்ளை வகுப்புக்கு வெளியே என்ன செய்தான் என்று எழுத 10 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம். வாரத்தில் எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை வாரம் என்பதையும் அதே இடத்தில் சொல்ல வேண்டும். தனியாக 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை. நான்கு வருட உழைப்பு இதற்குள் அடங்கியாக வேண்டும். மறுமுனையில் படிக்கிறவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ விண்ணப்பங்கள் காத்திருக்கும். ஒன்றுக்குச் சில நிமிடங்கள்தான் தர முடியும். 'தலைவர்', 'நிறுவனர்' என்ற சொற்களை அவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் கண் நிற்பது ஒரு எண்ணிலோ, ஒரு பெயர்ச்சொல்லிலோ, இதைச் செய்தவனால் மட்டுமே எழுத முடியும் என்கிற ஒரு விவரத்திலோதான்.

நோட்டு நோட்டு என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஊர்ப் பழக்கமும் காரணம். விருதுநகரில் அப்பாவுக்குப் பருப்புக் கமிஷன் கடை. பள்ளி விட்டு வந்தால் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிவது என் வேலை. அடக்க விலை தெரியாமல் கல்லாவில் உட்காரக் கூடாது என்பார். சரக்கு வாங்கிய விலையோடு வண்டி வாடகை, சாக்கு, கூலி, எடையில் கழிவு எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். அந்தச் சொல்லை எடிசனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் எதற்காக இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெளிவானது.

2022-இல் வந்தாள். அப்போது பத்தாம் வகுப்பு. பாட்டி ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியபோது இட்லிப் பொடி வறுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதலில் இவளுக்கு இட்லி மாவு விற்கத்தான் ஆசை. வீட்டுச் சமையலறையில் செய்த பண்டத்தை விற்க நியூ ஜெர்சியில் 2021 அக்டோபரில்தான் அனுமதி தரத் தொடங்கினார்கள். அதுவும் குளிர்பெட்டி இல்லாமலே கெடாத பண்டங்களுக்கு மட்டும். மாவு அதில் வராது. விதிகளை அவளே படித்துப் பார்த்துவிட்டுப் பொடிக்கு மாறினாள். அம்மா பெயரில் அனுமதி வாங்கினார்கள். சுகாதாரத் துறை சோதிக்காத வீட்டுச் சமையலறையில் செய்தது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

"ஆன்ட்டி, அதைப் படிச்சதும் பாக்கெட்டைத் திருப்பி வெச்சுடறாங்க" என்றாள். அந்த வரியைக் கண்ணில் படாத மாதிரிப் போடலாமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளே யோசிக்கட்டும் என்று விட்டேன். அடுத்த வாரம் புது லேபிளோடு வந்தாள். சட்டம் கேட்ட வரி தெளிவாக இருந்தது. அதற்கு மேலே அதைவிடப் பெரிய எழுத்தில், வறுத்த தேதி. கடையில் வாங்கும் பொடியில் காலாவதித் தேதிதான் இருக்கும், வறுத்த தேதி யாரும் போடுவதில்லை என்றாள். கோவிலில் பாக்கெட்டைக் கையில் எடுத்த ஒரு மாமி, "நேத்து வறுத்ததா!" என்று இரண்டாக வாங்கிக்கொண்டு போனாராம். அதை நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

200 கிராம் பாக்கெட் 5 டாலர். எப்படி அந்த விலை என்று கேட்டேன். இந்தியன் கடையில் ஏறக்குறைய அந்த விலைதான் என்றாள். அடக்கம் எவ்வளவு? உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம் எல்லாம் பாக்கெட்டுக்கு 1 டாலர் 60 சென்ட். பையும் லேபிளும் 55 சென்ட். ஆக 2.15. "பாக்கெட்டுக்கு 2.85 லாபம் ஆன்ட்டி" என்றாள். முகம் பூராவும் சிரிப்பு.

ஒரு தடவைக்கு எத்தனை பாக்கெட்? 20. அப்போது லாபம் 57 டாலர். வறுத்து, அரைத்து, ஆறவைத்து, நிறுத்து, ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம்? நான்கு மணி நேரம். யார் யார்? நானும் அம்மாவும். அப்படியென்றால் எட்டு மணி நேர உழைப்பு. போனில் தட்டிப் பார்த்தாள். மணிக்கு 7 டாலர் சொச்சம். அந்த வருடம் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 டாலர். கேஸ், மிக்ஸி, மளிகை வாங்கக் கார் ஓட்டிய பெட்ரோல் எதையும் நாங்கள் இன்னும் தொடவே இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அம்மா வேலைக்கு நான் வெலையே போடலியா?" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது. இந்தத் தொழிலில் நான் கண்ட மிகப் பெரிய தருணம் அது. நான் இன்னொரு வார்த்தை சேர்த்தால் கெட்டுப்போகும் என்று தோன்றியதால் காபி போடப் போய்விட்டேன்.

விலையை 7 டாலராக உயர்த்தினாள். வாடிக்கையாக வாங்கிய 30 வீடுகளில் 9 பேர் நின்றுவிட்டார்கள். வேறு பிள்ளையாக இருந்தால் பழைய விலைக்கே இறங்கியிருக்கும். இவள் அந்த 9 பேருக்கும் போன் போட்டுக் காரணம் கேட்டாள். பெரியவர்களிடம், அதுவும் தமிழில், "ஏன் ஆன்ட்டி வாங்கறதை நிறுத்திட்டீங்க?" என்று கேட்கப் பதினாறு வயதில் எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆறு பேர் ஏறக்குறைய ஒரே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டே பேர், 200 கிராம் தீர்வதற்குள் வாசனை போய்விடுகிறது. விலை அவர்களுக்குப் பெரிதாக இல்லை, அளவுதான் அதிகம். 100 கிராம் பாக்கெட் 4 டாலருக்குப் போட்டாள். அந்த ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் கடைப் பொடியே போதும் என்றார்கள். ஒருவர் போனையே எடுக்கவில்லை. மூன்று பேரையும் அப்படியே நோட்டில் குறித்து வைத்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்த 150 எழுத்தை நிரப்ப உட்கார்ந்தோம். முதலில் அவள் எழுதிக்கொண்டு வந்தது: 'நிறுவனர். பாரம்பரிய உணவைச் சமூகத்துக்குக் கொண்டுசெல்லும் சிறுதொழிலை வழிநடத்தித் தலைமைப் பண்பையும் நிதி மேலாண்மையையும் வளர்த்துக்கொண்டேன்.' இதில் அவள் எங்கே இருக்கிறாள்? நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் வெட்டி வெட்டி எழுதினோம். கடைசியில் நின்றது இது: 'பாட்டியின் இட்லிப் பொடி, 30 வீடுகள். விலை ஏற்றியதும் 9 பேர் போனார்கள், காரணம் கேட்டேன், பாக்கெட்டைப் பாதியாக்கினேன், 6 பேர் வந்தார்கள்.' ஆங்கிலத்தில் 150-க்குள் அடங்கியது. ஒரு பெயரடைகூட இல்லை. விலை, தேவை, வாடிக்கையாளர் ஆய்வு என்று மேலாண்மை வகுப்பில் பெயர் வைத்துச் சொல்லித் தருகிற எல்லாமே அதற்குள் இருக்கிறது.

முதலாவதாக ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. ரட்கர்ஸ் பிசினஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேதான் சேர்ந்தாள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் பிள்ளையும் ஏதாவது விற்கட்டும் என்று கிளம்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தமிழ்க் குடும்பங்களில் பல எச்-1பி விசாவில் இருக்கின்றன. பிள்ளைகள் எச்-4. அந்தப் பிள்ளைகள் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 2015-இல் வந்த எச்-4 வேலை அனுமதி கணவன் மனைவியருக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. கடை நடத்தி வருமானம் பார்ப்பதும் சிக்கல். இது தெரியாமல், ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கலாம் என்று பையனைத் தூண்டிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பெருமையாக எழுதும் ஒரு வரி நாளைக்கு விசாவைத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எச்-4 விசாவில் இருந்த ஒரு பையன் என் எதிரே உட்கார்ந்து, "எல்லாரும் சம்மர்ல வேலைக்குப் போறாங்க, நான் மட்டும் எதுவும் பண்ண முடியாது" என்று தலை குனிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். சாப்பாட்டு வரிசையில் தட்டு எடுத்துக் கொடுப்பேன் என்றான். சரி தம்பி, இந்த வருடம் தட்டோடு சேர்த்து எண்ணிக்கையும் எடு என்றேன்.

எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பதியாமலே வந்தார்கள், எந்த நேரத்தில் வரிசை நீண்டது, கடைசியில் எத்தனை தட்டுச் சாம்பார் சாதம் மிஞ்சியது என்று எல்லாவற்றையும் குறித்தான். பொங்கல், சித்திரைத் திருநாள், தீபாவளி என்று இரண்டு வருடம் விடாமல் செய்தான். மூன்றாவது பொங்கலுக்குக் கேட்டரிங்காரருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்று செயற்குழு அவனைக் கேட்டது. குழந்தைகள் நடன நிகழ்ச்சி இருக்கும் வருடத்தில் தாத்தா பாட்டிகள் பதியாமல் கூடுதலாக வருவார்கள் என்று அந்த எண்களிலிருந்து கண்டுபிடித்திருந்தான். ஒரு சென்ட்கூட வாங்காமல் அவன் செய்த அந்த வேலைக்குப் பெயர் தேவைக் கணிப்பு. விண்ணப்பத்தில் அது முதல் கட்டத்தில் ஏறியது.

குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. போய் ஒரு கடையில் வேலைக்கு நில். 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நாளில் 3 மணி நேரமும் பள்ளி வாரத்தில் 18 மணி நேரமும் வேலை பார்க்க மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெற்றோர்தான் தயங்குகிறார்கள். நம்ம பிள்ளை ஐஸ்கிரீம் கடையில் நிற்பதா என்று கேட்கிறார்கள். காமன் ஆப் பட்டியலில் சம்பள வேலைக்கென்றே ஒரு வகை உண்டு. வீட்டுப் பொறுப்புகளுக்கும் தனி வகை உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக் கணக்கு எழுதுவது எல்லாம் அதில் சேரும். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து 2016-இல் வந்த ஓர் அறிக்கை, பட்டியலின் நீளத்தைப் பார்க்காமல் ஆழத்தைப் பாருங்கள், குடும்பத்துக்குப் பிள்ளைகள் செய்யும் உழைப்பையும் மதியுங்கள் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. என் அனுபவத்திலும் கவுன்டரில் நின்ற பிள்ளையின் கட்டுரையில் உயிர் இருக்கும். சில்லறை தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமையும், கோபப்பட்ட வாடிக்கையாளரும், மழை நாளில் வீணான சரக்கும் அதில் தாமாகவே வந்துவிடும்.

டெக்கா, எஃப்பிஎல்ஏ மாதிரி மாணவர் சங்கங்களில் சேரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம். டெக்கா 1946-இலிருந்து இருக்கிறது. அதன் போட்டியில் ஒரு வியாபாரச் சிக்கலைக் கையில் கொடுத்து, சில நிமிடம் யோசிக்கவிட்டு, நடுவர் எதிரே உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. தலைவர் பதவிக்காக அடித்துக்கொள்வதில்தான் பயன் இல்லை. பொருளாளர் பதவியைக் கேள் என்று நான் சொல்வேன். அங்கேதான் கணக்கு இருக்கிறது.

எனக்கு ஒப்புதலே இல்லாத ஒன்று, பெற்றோர் பணம் போட்டு, பிள்ளை பெயரில் தொடங்கும் தொண்டு நிறுவனம். பல வருடம் முன்பு அப்படி ஒரு பையன் வந்தான். வெப்சைட், லோகோ எல்லாம் பளபளப்பாக இருந்தன. நானும் அதை நம்பி அவன் கட்டுரையைத் தேய்த்து மெருகேற்றினேன். நேர்காணலில் போன வருடம் எவ்வளவு செலவானது என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து, "அந்தக் கட்டுரையில இருந்தது நான் இல்ல ஆன்ட்டி" என்றான். தவறு என்னுடையது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் வாக்கியத்தையும் நான் எழுதுவதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறேன். 2019 மார்ச்சில் பாஸ்டனில் வெளிவந்த சேர்க்கை மோசடி வழக்கில், விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிய பெற்றோர் சிறைக்குப் போனார்கள். அந்த அளவுக்குப் போகாத சின்னப் பொய்யும் பொய்தான். விண்ணப்பத்தின் முடிவில் இதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது பிள்ளைதான், பெற்றோர் இல்லை.

கணிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவர்கள்தான் காமர்ஸ் எடுப்பார்கள் என்ற நினைப்போடு கடல் தாண்டி வந்தவர்கள் நாம். இங்கே பிசினஸ் என்றதும், அப்பாடா, கால்குலஸிலிருந்து தப்பித்தோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881-இல் தொடங்கியது. பல்கலைக்கழக அளவில் உலகின் முதல் வணிகப் பள்ளி என்று சொல்கிறார்கள். அங்கே இளநிலை மாணவர்கள் வாங்குவது பொருளாதாரத்தில் அறிவியல் பட்டம். கால்குலஸ் இல்லாமல் அதை முடிக்க முடியாது. பதினொன்றாம் வகுப்பில் புள்ளியியலும் பன்னிரண்டில் கால்குலஸும் எடுத்த பிள்ளையின் ஆர்வத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொரு கேள்வியையும் நான் தள்ளிப்போட விடுவதில்லை. பதினேழு வயதிலேயே ஏன் பிசினஸ்? ஹார்வர்டிலும் யேலிலும் இளநிலையில் பிசினஸ் என்று ஒரு பாடப்பிரிவே கிடையாது. பெர்க்லியின் ஹாஸ் பள்ளி, இரண்டு வருடம் வேறு பாடம் படித்தவர்களை எடுத்துப் பழகிய இடம், 2024-இல்தான் முதல் வருடத்திலிருந்தே நான்கு வருடப் படிப்பைத் தொடங்கியது. பாப்சன் கல்லூரியில் முதல் வருட மாணவர்கள் கல்லூரி தரும் கடனில் நிஜமாகவே ஒரு தொழில் தொடங்கி நடத்தி முடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பிள்ளைக்கு ஏற்றது. பொடி விற்ற பெண் பாப்சன் பாடத்திட்டத்தைப் படித்த அன்று இரவு பதினொரு மணிக்கு எனக்குச் செய்தி அனுப்பினாள். சாம்பார் சாதம் எண்ணிய பையனுக்கு அது பிடிக்கவில்லை. எண்களோடு தனியே உட்காரத்தான் அவனுக்குப் பிடிக்கும். பொருளாதாரமும் புள்ளியியலும் சேர்ந்த படிப்பைத் தேடினான். பிசினஸ் வேண்டாம் என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை நேர்மையாக வந்து சேர்ந்தாலும் என் வேலை நடந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே என்னிடம் அழைத்து வர வேண்டியதில்லை. அடுத்த மாத மளிகைச் செலவை அவர்கள் கையில் கொடுங்கள். பட்டியல் போடுவது, கடை பார்ப்பது, விலை ஒப்பிடுவது, மிச்சம் எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடையில் நீங்கள் திருத்த வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி பால் வாங்கக் காசு இல்லாமல் போனால் போகட்டும். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு வருடம் கழித்து என்னைப் பார்க்க வரும்போது ஃபைல் வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.